கண்ணாடி இல்லாமல் வாசித்த கிழமை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளைப் பார்த்திருப்பீர்கள். புதிய பிரவுசர் ஒன்றைச் சோதிக்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை என்று பதினான்கு வரிகள். பதின்மூன்று வரிகள் கம்ப்யூட்டரைப் பற்றியவை. முதல் வரி மட்டும், "கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடிகிறதா? முடிந்தால் வேலையை நிறுத்து" என்று இருக்கும். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, அப்படியென்றால் வேலையே செய்ய வேண்டாமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளைச் சிரிக்க வைத்ததற்கு நன்றி. அந்த வரியை எழுதியவள் நான்தான். எழுத நேர்ந்த கதையையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்ல மாட்டார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் ரொசலின். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அந்தத் தோட்ட ஆபீசிலேயே இருபது வருஷம் கிளார்க்காக இருந்தவள். ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். பிறகு இரத்தினபுரி டவுனில் எங்கள் மாதா கோயில் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். என்னோடு படித்ததெல்லாம் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்த பதினாறு வயதுப் பிள்ளைகள். பாதர் வகுப்புக்குள் எட்டிப் பார்க்கும்போது என்னை டீச்சர் என்று நினைத்து வணக்கம் சொல்லுவார். நாற்பத்தாறாவது வயதில் இந்த வேலை கிடைத்தது.

அப்போது நாங்கள் மூன்று பேர். ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரே அறை. மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் போன் பேச முடியாது. இரத்தினபுரியில் மழை பெய்யாத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தலைவியை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் இங்கேயும் மிஸ்தான். கேகாலைக்காரர், சிங்களப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை "ரொசலின் அக்கா" என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசுவார். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். மூன்றாவது ஆள் யோகராஜ். எஹலியகொட பஜாரில் அவன் அப்பாவுக்குப் புடவைக் கடை. கடையில் உட்காரச் சொன்னதால் ஓடிவந்து எங்களிடம் உட்கார்ந்தவன். கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும்.

வேலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்தக் கதைக்கு வேண்டிய அளவு சொல்கிறேன். வெப்பக்கம் எழுதுவதற்கு உலகமெல்லாம் ஒத்துக்கொண்ட விதிகள் இருக்கின்றன. இப்படி எழுதினால் திரையில் இப்படித் தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு. பிரவுசரின் புதிய வெளியீடு மாதம் தவறாமல் வரும். ஒவ்வொன்றும் அந்த விதிகளுக்கு அடங்கி நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. விதிக்கு ஒரு சின்னப் பக்கம். திறந்தால் பச்சைச் சதுரம் தெரிய வேண்டும். சிவப்பு ஒரு கீற்று தெரிந்தாலும் தோல்வி. அந்தச் சதுரங்களில் பல, எழுத்தின் அளவை வைத்து வரையப்பட்டவை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து வந்த அந்தக் கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை, எங்களுக்குச் சாதாரணக் கிழமை அல்ல. கொழும்பில் ஒரு கம்பெனி, அரசாங்கப் பயிற்சி நிலையங்களுக்கு ஒன்லைனில் விண்ணப்பம் எடுக்கும் தளங்களைச் செய்வது, எங்களுக்கு வேலை தந்துகொண்டிருந்தது. எங்களுக்கிருந்த வேலை அது ஒன்றுதான். அவர்கள் கொழும்பிலேயே இன்னொரு குழுவையும் எடுத்திருந்தார்கள். வரப்போகும் வெளியீட்டை இரண்டு குழுவும் சோதிக்கட்டும், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் இரண்டு அறிக்கையையும் பார்ப்போம், பிறகு ஒரு குழுதான் என்று எழுதியிருந்தார்கள். தோற்றால் யோகராஜுக்குப் புடவைக் கடை இருந்தது. மிஸ் படித்தவர், எங்கேயும் போய்விடுவார். ஐம்பத்திரண்டு வயதில் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போதாததற்கு முந்தின கிழமை இடி விழுந்து எங்கள் சோதனை மெஷின் கருகிவிட்டது. திங்கட்கிழமை புது மெஷின் வந்தது. மிஸ் தன் தம்பியின் கல்யாணத்துக்குக் கேகாலைக்குப் போயிருந்தார். நான்தான் பெட்டியைப் பிரித்து, புதிய பிரவுசரை ஏற்றி, வேலைக்குத் தயார் செய்தேன். யோகராஜைத் தொட விடவில்லை. சீனியர் என்ற நினைப்பு எனக்கு.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என் தங்கச்சி பிலோமினா போன் எடுத்தாள். அவள் கொடகவெலப் பக்கம் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பிள்ளை பராமரிப்புப் பயிற்சி ஒன்றுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிதான் கடைசி நேரம்.

"அக்கா, எல்லாம் நெரப்பிட்டேன். அனுப்புற பட்டனத்தான் காணல."

"இருக்கும். கீழ பாரு."

"கீழதான் பாக்குறேன். இல்ல."

"பட்டன் இல்லாம யாராச்சும் போர்ம் செய்வாங்களா பிலோ?"

"மேட்டு லயத்துக் கலாவும் நெரப்பியிருக்கா, அவளுக்கும் இல்லயாம்க்கா."

"அப்ப ரெண்டு பேரும் கண்ணத் தொறந்து பாருங்க. எனக்கு இங்க தலைக்கு மேல வேல."

வைத்துவிட்டேன். அந்த விண்ணப்பம் எங்கள் கொழும்புக் கம்பெனி செய்ததுதான் என்பதும் எனக்குத் தெரியும். நான் அப்போது ஒரு பிரவுசரை உலகத் தரத்துக்குச் சோதித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்குப் பட்டன் தேடிக் கொடுக்கும் ஆளா நான்?

புதன்கிழமை மத்தியானத்துக்குள் பக்கங்களை ஓட்டி முடித்தோம். சிவப்பு வந்துகொண்டே இருந்தது. முதலில் ஐந்து, பிறகு இருபது, கடைசியில் அறுபத்தொன்று. போன மாத வெளியீட்டில் இதே பக்கங்கள் அத்தனையும் பச்சை. யோகராஜ் சந்தோஷத்தில் கதிரையில் உட்கார்ந்தபடியே சுற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் இத பாக்காம விட்டிருக்கான். நாங்க புடிச்சிட்டோம்க்கா."

"கொழும்பு டீம் புடிச்சிருப்பாங்களா?"

"அவங்க இப்பத்தான் டீ குடிச்சிட்டிருப்பாங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். பயந்து கிடந்தவளுக்குத் திடீரென்று வெற்றி கைக்கு எட்டினால் எப்படி இருக்கும்? மிஸ் வந்த பிறகு காட்டிவிட்டு அனுப்பலாம் என்று யோசித்தேன். அதற்குள் கொழும்புக் குழு முந்திவிட்டால் என்றும் யோசித்தேன். இரண்டாவது யோசனை வென்றது. மூன்று மணிக்கு என் பெயரிலேயே மெயில் அனுப்பினேன். இந்த வெளியீட்டில் பாரதூரமான அறுபத்தொரு பிழைகள், இதற்கு மாற வேண்டாம், உடனே நிறுத்துங்கள். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. எல்லா வேலையையும் நிறுத்திவிட்டார்களாம், வெள்ளிக்கிழமை பெரியவர்களும் கூட்டத்துக்கு வருவார்களாம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம் கூடச் சிரித்துப் பேசினேன்.

வியாழக்கிழமை காலையில் மிஸ் கல்யாண வீட்டுக் கொக்கிஸ் பலகாரம் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தார். நாங்கள் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"போன மாச வெளியீட்ட இந்த மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா?"

"போன மாச ரிசல்ட் பைல்ல இருக்கு மிஸ். எல்லாம் பச்சை."

"அது எரிஞ்சு போன மெஷின்ல எடுத்தது. இதுல பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பத்து நிமிஷ வேலை. பழைய வெளியீட்டை இறக்கி நானே திறந்தேன். அதே அறுபத்தொரு பக்கங்களிலும் சிவப்பு. சரியாகச் சொன்னால் ஐம்பத்தொன்பதில். போன மாதம் சுத்தமாக இருந்த பிரவுசர் ஒரு மாதத்தில் தானாகக் கெட்டுப்போகாது. குற்றம் பிரவுசரில் இல்லை, இந்த அறையில் இருக்கிறது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யோகராஜ் கதிரை சுற்றுவதை நிறுத்தினான்.

யோகராஜ் திரையைச் சந்தேகித்தான். வயரைக் கழற்றி மாட்டினான். கிராபிக்ஸ் மென்பொருளை அழித்துத் திரும்பவும் ஏற்றினான். சிவப்பு அசையவில்லை. நான் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அடியில் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் குறிப்பை மிஸ்ஸுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பக்கம் வாசித்திருப்பேன். மிஸ் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொசலின் அக்கா, உங்க கண்ணாடி எங்க?"

"மேசைல இருக்கு மிஸ்."

"கண்ணாடி இல்லாம எப்ப இருந்து இத வாசிக்கிறீங்க?"

அந்தக் குறிப்புகளைக் கண்ணாடி போட்டாலும் நான் மூக்கைத் திரையில் வைத்துத்தான் வாசிப்பேன். இந்தக் கிழமை முழுக்கக் கண்ணாடியைத் தொடவே இல்லை. புதுத் திரை நல்ல திரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிஸ் கேட்ட பிறகுதான் என் கை என்ன செய்திருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது.

உங்களுக்குத் தெரிந்த பழக்கம்தான். நம் பக்கத்தில் யாருக்குப் புது மெஷின் வந்தாலும், புது பிரவுசர் ஏற்றினாலும், முதல் வேலை செட்டிங்கில் போய் எழுத்து இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று கூட்டி வைப்பது. இங்கிலீஷ் எழுத்து எவ்வளவு சிறுத்தாலும் ஒரு மாதிரி வாசித்துவிடலாம். சிங்களமும் தமிழும் அந்த அளவில் சுழியெல்லாம் ஒட்டிப் புள்ளி புள்ளியாகிவிடும். போன், இன்டர்நெட் வசதி தரும் கொமியூனிகேஷன் கடைகளில் கூட அப்படித்தான் வைத்திருப்பார்கள். எரிந்துபோன மெஷினில் சோதனைக்கென்று யாரும் செட்டிங்கில் கைவைக்காத வெறும் புரொபைல் ஒன்றை மிஸ் வைத்திருந்தார். புது மெஷினில் அதை உண்டாக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கை தானாகப் போய் எழுத்தைக் கூட்டியிருந்தது. எழுத்து பெருத்ததும் சதுரங்கள் இடம் பிசகி, அடியில் ஒளிந்திருந்த சிவப்பு வெளியே வந்துவிட்டது. அன்று காலை பழைய வெளியீட்டைத் திறந்தபோதும் நான் அதையே செய்திருந்தேன். கண்ணெதிரே, மிஸ்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

செட்டிங்கைப் பழையபடி வைத்து ஓட்டினோம். அறுபத்தொன்றில் ஐம்பத்தொன்பது பச்சையாகிவிட்டது. இரண்டுதான் உண்மையான பிழை.

யோகராஜ் சொன்னான். "அக்கா, சத்தம் போடாம புது ரிப்போர்ட் அனுப்பிருவோம். நேத்து அனுப்புனது முதல் கட்டம், இதுதான் முடிவுன்னு எழுதுவோம். அம்பத்தொம்பதும் எங்க போச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. வசனத்தைக் கூட மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். மிஸ் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கொக்கிஸ் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அந்த மெயில் யார் பேர்ல போச்சு?"

"என் பேர்லதான் மிஸ்."

"அத நம்பி அங்க எத்தன பேர் வேலைய நிறுத்திட்டு இருக்காங்கன்னு தெரியாது. நான் எழுதட்டா, நீங்க எழுதுறீங்களா?"

நான் எழுதினேன். நான்கு வரி. நேற்று அனுப்பிய பிழைகளில் ஐம்பத்தொன்பது பிரவுசருடையவை அல்ல, என்னுடையவை. மெஷினில் எழுத்தின் அளவை நான் கூட்டி வைத்திருந்தேன். உண்மையான பிழை இரண்டுதான், விவரம் கீழே. நிறுத்திய வேலையைத் தொடரலாம். அனுப்பும் பட்டனை அழுத்தும்போது, இரத்தினபுரியில் எனக்கு இதுதான் கடைசிக் கிழமை என்று நினைத்துக்கொண்டேன். பதில் ஒரே வரியில் வந்தது. நாளைக் கூட்டத்துக்கு வரவும்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் நல்ல கோபத்தில் இருந்தேன். கோபம் என் மேல்தான், ஆனால் அதை யார் மேலாவது இறக்க வேண்டுமே. பிலோமினா வியாழக்கிழமை மறுபடியும் பட்டன் இல்லை என்று மெசேஜ் போட்டிருந்தாள். அந்த விண்ணப்பத்தைத் திறந்து, பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுப் படம் அனுப்பி, இனிமேல் வாயைத் திறக்காதபடி செய்வது என்று முடிவெடுத்தேன். சோதனை மெஷினில் அதைத் திறந்து வைத்த நேரத்தில் கூட்டம் தொடங்கிவிட்டது.

நல்லவேளை மழை இல்லை. திரையில் கொழும்பு மனேஜர், இன்னும் இரண்டு பெரியவர்கள், மற்றக் குழுவின் பிள்ளைகள். எல்லோரும் என் பிள்ளைகள் வயது. கொழும்புக் குழு மூன்று உண்மையான பிழைகளைக் கண்டுபிடித்திருந்தது. எங்களுடைய இரண்டும் அதற்குள் இருந்தன. மனேஜர் என்னிடம் கோபப்படவில்லை. அவருக்குப் புரியாதது ஒன்றுதான்.

"மெடம், அந்த செட்டிங்ல யாராவது கை வைப்பாங்களா? நான் இத்தனை வருஷத்துல அதைத் திறந்ததே இல்லையே."

"எங்க பக்கத்துல வைக்காதவங்கதான் குறைவு சேர்," என்றேன்.

"வச்சா என்ன, எல்லாம் கொஞ்சம் பெரிசாத் தெரியும். அவ்வளவுதானே?"

"காட்டுறேன் சேர்," என்று என் திரையை அவர்களுக்குத் திறந்தேன். திரையில் இருந்தது பிலோமினாவின் விண்ணப்பம். அதிலேயே காட்டலாம் என்று எழுத்தின் அளவைக் கூட்டினேன். பக்கம் பெருத்தது. மேலிருந்து கீழே கொண்டு போனேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தகைமைகள். அடியில் நீல நிறப் பட்டை. அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிட்டது. அனுப்பும் பட்டன் பட்டைக்கு அடியில் போய், மேல் விளிம்பு மட்டும் நூல் மாதிரித் தெரிந்தது. அதை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மற்றக் குழுவில் ஒரு பெண் பிள்ளைதான் மெதுவாகச் சொன்னாள், "சேர், அது உங்கட கம்பெனி போர்ம்."

யோகராஜ் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினான். ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிலோமினா போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பாள், கலாவும் வைத்திருப்பாள், பிள்ளைக்காம்பராவில் வேலை முடிந்து வந்து நின்றபடியே போனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து இல்லாத பட்டனைத் தேட வைத்தவள் நான். வெட்கமாக இருந்தது.

"சேர், இதுக்கு இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி," என்றேன். "எங்க ரிப்போர்ட்ட அப்புறம் பாருங்க. இத மொதல்ல திருத்துங்க. என் தங்கச்சியே காத்துக்கிட்டு இருக்கா."

மனேஜர் கூட்டத்தை அங்கேயே நிறுத்தினார்.

தீர்ப்பு திங்கட்கிழமை வந்தது. ஆறு மாதத்துக்கு வேலை எங்களுக்கு. பிழை கண்டுபிடித்ததற்காக இல்லை, அதில் நாங்கள் தோற்றுத்தான் போயிருந்தோம். இனி ஒவ்வொரு வெளியீட்டையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும், ஒரு தடவை வெறும் புரொபைலில், ஒரு தடவை எழுத்தைக் கூட்டி வைத்து, இரண்டாவதை எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்குத்தான் தெரியும் என்று மனேஜர் எழுதியிருந்தார். அந்த ஆறு மாதம் நீண்டு நீண்டு இன்றைக்கு நீங்கள் ஒன்பது பேர் அதில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுவரில் அந்த முதல் வரியை நான் அன்றைக்கே எழுதினேன். கண் நன்றாகத் தெரிகிற தம்பிக்கும் அது பொருந்தும். உங்கள் மெஷின் உங்களுக்கு வசதியாக இருக்கிறதா, அப்படியானால் அதில் உங்கள் கை பட்டிருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். யாராவது திரையில் ஒன்று இல்லை என்று சொன்னால், அவருடைய திரையை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். உங்கள் திரையில் இருப்பதை வைத்து அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

ஆனால் எனக்கு உண்மையான தீர்ப்பு திங்கட்கிழமைக்கு முன்பே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குத் திருத்திவிட்டோம் என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். நான் படிக்கட்டில் போய் நின்று பிலோமினாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"பிலோ, இப்ப அந்த போர்மத் தொறந்து பாரு."

கொஞ்ச நேரம் எடுத்தது. யாரோ ஒரு பிள்ளையை மடியிலிருந்து இறக்கினாள்.

"இருக்குக்கா. பட்டன் வந்திருச்சு. நீயா வச்ச?"

"நான் வைக்கல. இவ்வளவு நாளா அது அங்க இல்லதான். நீ சொன்னதுதான் சரி. கலாகிட்டயும் சொல்லிரு."

அவள் அனுப்பிக்கொண்டிருந்தாள் போல.

"போயிருச்சு. விண்ணப்பம் கெடச்சதுன்னு மெசேஜும் வந்திருச்சு," என்றாள். பிறகு, கோபமில்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "செவ்வாக்கெழமயும் நான் கண்ணத் தொறந்துதான் பாத்தேன்க்கா."